கல்லில் தங்கும் பிடி மாவு

கருங்காலிப்பட்டி சந்தைத் தெருவில் இருக்கும் உலகம்மாளின் மாவு மில்லுக்கு, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அழிந்துபோன ஒரு நகரத்தின் சனங்கள் மாவு அரைக்க வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊருக்கு அவர்கள்மேல் இருந்த ஒரே புகார், வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள் என்பதுதான்.

மற்றபடி அவர்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் சுவர் வைத்து அடைத்த முட்டுச்சந்து ஒன்று உண்டு, அதற்குள்ளிருந்து வருவார்கள், அரைத்து முடித்ததும் அதற்குள்ளேயே போய்விடுவார்கள். தலையில் நாணல் கூடை, கூடையில் வாற்கோதுமை, இடுப்பில் கம்பளித் துண்டு, மேலெல்லாம் ஒரு புகை வாடை. முதல் இரண்டு நாள் தெருநாய்கள் குரைத்தன, பிறகு அவையும் விட்டுவிட்டன.

அவர்கள் வந்ததற்குக் காரணம் உலகம்மாளின் படிப்புதான் என்பது ஊருக்கே தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பல்கலைக்கழகம், தன் வகுப்பறையில் ஒரு பேராசிரியர் பழங்கால வரலாறு நடத்தியதை அப்படியே படம் பிடித்து, ஆசைப்படுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் செல்லக்கிளி, வளைகாப்பு வளையல்கள் குலுங்க அம்மாவின் செல்போனை வாங்கி அதைத் தேடி எடுத்து, கீழே தமிழ் எழுத்து ஓடுகிற மாதிரியும் செய்து கொடுத்தாள். "ஒனக்குத்தான் சரித்திரம்னா உசுராச்சே, பாரும்மா" என்றாள்.

உயிர்தான். பள்ளிக்கூடத்தில் வரலாற்றில் முதலாவதாக வந்தவள் உலகம்மாள். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்த அன்று, "செத்தவன் கதையைப் படிச்சு யாருக்குச் சோறு போடப் போற?" என்று கேட்ட அப்பா, அந்த வருஷமே அவளை இந்த மில்லுக்குக் கட்டிக்கொடுத்தார். கட்டியவர் நல்ல மனுஷர்தான், மில்லை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அதனால் மேல்தொட்டியில் தானியத்தைக் கொட்டிவிட்டு, செல்போனை எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்து, ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே அவள் படிக்க ஆரம்பித்தாள். மெஷின் போடுகிற கூச்சலில் பேராசிரியர் பேசுவது ஒரு சொல்லும் காதில் விழாது. ஒல்லிக் கழுத்தும் தொளதொள கோட்டுமாக அவர் வாயை வாயை அசைப்பார், எழுத்து கீழே ஓடும். அவருக்கு எப்படிப்பட்ட குரல் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவர் நடத்தியது ஓர் ஆற்றங்கரை நகரத்தின் கதை. அதன் பெயர் எந்தக் களிமண் பலகையிலும் கிடைக்காததால், தோண்டி எடுத்தவர்கள் வைத்தபடி மேட்டு நகரம் என்றே சொன்னார். ஒரு வகுப்பில் ஆற்றங்கரையில் நாலு குடிசை போட்டார்கள், அடுத்ததில் மதில் எழுப்பினார்கள், அதற்கடுத்ததில் சாமியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற வகுப்பை உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்த காலை நேரத்தில்தான், மோவாயில் மூன்று பச்சைப் புள்ளி குத்திய ஒருத்தி, விரிசல் விட்ட செம்பு வளையல் போட்ட கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மில் வாசலில் வந்து நின்றாள்.

இந்த இடத்தில் மில்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த மாவு மில்லிலும், முன்னால் அரைத்தவரின் மாவில் ஒரு பிடி கல்லிலேயே தங்கிவிடும், அது பின்னால் வருகிறவர் மாவோடு சேர்ந்துதான் வெளியே வரும். அதனால்தான் விவரமான பெண்கள் டின்னை இறக்குவதற்கு முன்பே "எனக்கு முன்னால என்ன அரைச்சிய?" என்று கேட்பார்கள். கேழ்வரகுக்குப் பின்னால் பச்சரிசி அரைத்தால் கொழுக்கட்டை கறுக்கும். மிளகாய்க்குப் பின்னால் எதை அரைப்பதானாலும், இரண்டு பிடி நொய்யரிசியை ஓடவிட்டுக் கல்லைத் துடைத்த பிறகே அரைக்க வேண்டும். உலகம்மாள் இதில் ஒருநாளும் பிசகியதில்லை. அன்று மட்டும், அப்போதுதான் மிளகாய் அரைத்து முடித்திருந்தவள், வாசலில் நின்றவளைப் பார்த்த பதற்றத்தில் கல்லைத் துடைக்க மறந்து வாற்கோதுமையை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டாள்.

வந்தவள் சூடான மாவை அள்ளி முகர்ந்தாள். அடுக்கடுக்காகத் தும்மினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, உலகம்மாளை நிமிர்ந்து பார்த்து, திட்டப்போகிறாள் என்று பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உலகம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு அப்படி வயிறு வலிக்க அவள் சிரித்ததில்லை. கூலியாக ஒரு கைப்பிடி தானியத்தை மேடையில் வைத்துவிட்டு வந்தவள் தெருவில் இறங்கி நடந்தபோதுதான் உலகம்மாள் கவனித்தாள். காலை வெயிலில் தெருவில் போகிறவர்கள் நிழலெல்லாம் மேற்கே விழுந்து கிடக்க, அவள் நிழல் மட்டும் கிழக்கே நீண்டு கிடந்தது. அவளுக்கு மட்டும் எங்கேயோ பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் தெரு நிறைந்துவிட்டது. ஊர் அவர்களை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், நேற்றுவரை அவர்கள் வராமல் இருந்ததுதான் குறை என்று தோன்றும். எதிர் டீக்கடை ஆறுமுகநயினார் அவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸில் டீ கொடுத்துப் பார்த்தார், அவர்கள் அதைக் குடிக்காமல் கிளாஸை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், அதற்குப் பின் ஒரு வாரம் கிளாஸ் கணக்குத் தப்பியது. வார்டு மெம்பர் வந்து, இவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வழி உண்டா என்று மெதுவாக விசாரித்துவிட்டுப் போனார். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அவர்களும் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றார்கள், மேளம் உச்சத்துக்குப் போனபோது அத்தனை பேரும் மண்ணில் குப்புற விழுந்து கிடந்ததைப் பார்த்து, நம்மாட்களுக்கு இந்தப் பக்தி உண்டா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தங்கள் நிழலை அவர்கள் நிழல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்போது மட்டும் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஓர் அடி நகர்ந்து நின்றார்கள். ஏன் நகர்ந்தோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

வரிசையையும் கடைசியில் கற்றுக்கொண்டார்கள். ரேஷன் கடையிலும் குழாயடியிலும் நம் சனங்கள் ஆளுக்குப் பதிலாக ஒரு கல்லையோ செருப்பையோ வைத்து இடம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அவர்களும் ஆளுக்கொரு ஆற்றுக் கூழாங்கல்லைக் கொண்டுவந்து மில் வாசலில் வரிசையாக வைத்தார்கள். கருங்காலிப்பட்டியைச் சுற்றி எங்கேயும் அப்படி வழவழப்பான கல் கிடையாது, அந்த ஆறு எவ்வளவு பெரிய ஆறாக இருக்க வேண்டும் என்று உலகம்மாள் நினைத்துக்கொள்வாள். மூன்று புள்ளிக்காரியின் கல் எப்போதும் முதலில் இருக்கும். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாவிட்டாலும், உலகம்மாள் பெல்ட் வழுக்குவதைச் சொல்லி அலுத்துக்கொள்வதும், அவள் தன் பாட்டுக்கு ஏதோ நீளமாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவதும், இரண்டு பேரும் சரியான இடத்தில் தலையாட்டிக்கொள்வதுமாகப் போயிற்று. இத்தனை வயதுக்கு மேல் ஒரு சிநேகிதி கிடைத்த சந்தோஷம் உலகம்மாளின் முகத்திலேயே தெரிந்தது.

வகுப்புகள் ஓடின. மேட்டு நகரத்தில் ஆறு தடம் மாறியது, களஞ்சியம் வற்றியது, மதிலுக்கு வெளியே பகைவர்களின் கூடாரங்கள் முளைத்தன. மில் வாசலில் நின்றவர்களின் கிழக்கு நிழல் நாளுக்கு நாள் நீண்டு, ஆறுமுகநயினாரின் பாய்லர்வரைக்கும் போனது. கடைசிக்கு முந்திய வகுப்பின் முடிவில் பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்தார். எழுத்து ஓடியது: "அடுத்த வகுப்பில் அந்தக் கடைசிச் சாயங்காலத்தைப் பார்ப்போம். ஒரே சாயங்காலத்தில் நகரம் முழுவதும் எரிந்தது. யாரும் தப்பியதாகத் தெரியவில்லை." பிறகு சாம்பலில் கிடைத்த பொருள்களின் படங்களைக் காட்டினார், அவற்றில் பாசி பிடித்தாற்போலப் பச்சை ஏறிய ஒரு செம்பு வளையல் இருந்தது. அதில் ஒரு விரிசல் இருந்தது.

உலகம்மாள் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வகுப்பை அவள் தொடவில்லை.

மறுநாளும் மூன்று புள்ளிக்காரி வந்தாள், அதே கூடை, கூடையில் அதே அறுந்த பின்னல், மாவை முகர்ந்து அதே இடத்தில் ஒரு தும்மல், அதே சிரிப்பு. அதற்கு மறுநாளும் அப்படியே. நிழல் பாய்லரைத் தொட்டபடியே நின்றது, ஒரு விரற்கடைகூட நகரவில்லை. நீ பார்க்காதவரை அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ வாக்குக் கொடுத்த மாதிரி உலகம்மாள் நிம்மதியாக இருந்தாள்.

ஊரிலும் ஒவ்வொன்றாக நின்றது. உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. பிச்சி மொட்டுகள் மொட்டாகவே நின்றன. ஆறுமுகநயினாருக்குத் தாடி வளரவில்லை, பிளேடு மிச்சம் என்று முதலில் அவர் கொண்டாடினார். நரைக்கிற தலைகள் நரைக்காமல் நிற்பதில் பெண்களுக்கும் வருத்தம் இல்லை. ஆனால் செல்லக்கிளிக்கு மாதம் தள்ளிக்கொண்டே போனது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபராணி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "துடிப்பு நல்லாத்தான் இருக்கு, எட்டு மாசம்" என்றாள். அடுத்த மாதமும் எட்டு மாசம் என்றாள். அதற்கடுத்த மாதம் கையை மட்டும் கழுவினாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர்களும் எட்டு மாசம் என்றே எழுதி அனுப்பினார்கள்.

"யம்மா" என்றாள் செல்லக்கிளி, ஒருநாள் மத்தியானம், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தபடி. "உள்ள பிள்ளை புரளுதும்மா. ஆனா நேத்துப் புரண்ட மாதிரியேதான் புரளுது. மொதல்ல வலது பக்கம் ஒரு உதை, அப்புறம் ஒரு விக்கல், அப்புறம் சும்மா கெடக்கு. தெனமும் அதேதாம்மா. இது பிள்ளையா, இல்ல நீ போன்ல பாப்பியே, அந்த மாதிரி படமா?"



விஷயத்தை உடைத்துச் சொன்னவர் ஆறுமுகநயினார்தான். ஒரு காலை நேரம், பின்னால் பத்துப் பேர் நிற்க, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மில் வாசலுக்கு வந்தார். "மயினி, குத்தமா எடுத்துக்கிடாதிய. ஒங்க மில்லு மாவத் திங்கிறவுக வீட்ல மட்டும்தான் இப்படி. ஜெபராணி வெளியூர்ச் சாப்பாடு, அவ மகன் வளந்துக்கிட்டுத்தான் இருக்கான். அவிய மாவுல ஒரு பிடி நம்ம மாவுல கலந்து, நாமளும் தெனமும் அதத்தான தின்னுருக்கோம்? அவியளுக்கு நின்ன பொழுது நமக்கும் நின்னுபோச்சு."

"இப்ப நான் என்ன செய்யணுங்கீய?"

"பாடத்த முடிச்சுப்போடுங்க."

"முடிச்சா அவிய அத்தன பேரும் செத்துப்போவாவ, அண்ணாச்சி."

"அவிய செத்துப் பல்லாயிரம் வருசம் ஆச்சே மயினி?"

"ஒங்களுக்கு ஆயிருக்கும்" என்றாள் உலகம்மாள். "நான் இன்னைக்குக் காலையிலதான அவளுக்கு மாவு அரைச்சுக் குடுத்தேன்."

ஆறுமுகநயினார் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, எதிரே போய்ப் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்களும் கலைந்து போகாமல் அங்கங்கே உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்று இரண்டாந்தடவையாகவும் சந்துக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். மூன்று புள்ளிக்காரி கூடையை இறக்கியதும் உலகம்மாள் அவள் கையைப் பிடித்து மில்லுக்குள் இழுத்து மரப்பெட்டிமேல் உட்கார வைத்தாள். "நீ போவாத. இங்கனயே இரு. எல்லாரையும் இங்கனயே இருக்கச் சொல்லு. எங்க வீட்ல எடம் இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவளுக்குப் புரியாத பாஷையில் அழுதுகொண்டே சொன்னாள். பிறகு செல்போனை எடுத்து அந்த வளையல் படத்தைக் காட்டினாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். விரிசல்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். பிறகு தெருவில், பாய்லரைத் தொட்டபடி அசையாமல் கிடக்கும் தன் நிழலைப் பார்த்தாள், தலையில் சுமை தூக்கி வெகுதூரம் வந்தவள் போகவேண்டிய இடத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்போது, சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நிலையைப் பிடித்தபடி நின்ற செல்லக்கிளியையும் பார்த்தாள். எழுந்து போய் அந்த வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். வலது பக்கம் ஓர் உதை, ஒரு விக்கல், பிறகு ஒன்றுமில்லை. அவள் கையை எடுக்காமல் காத்திருந்து, மறுபடி அதே உதையையும் அதே விக்கலையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இவ்வளவு நாளும் உலகம்மாள் செல்போனைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அல்லவா? திரும்பி வந்து, உலகம்மாளின் ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் பிடித்து, கண்ணாடித் திரையில், எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, தன் விரலையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். உலகம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் பின்னாளில் அழுதது உண்டு. ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்று புள்ளிக்காரி கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் கூடைகளைத் தூக்கினார்கள். அவசரப்படாமல், ஒருவர் பின் ஒருவராக, ஊரில் கற்றுக்கொண்ட வரிசை கலையாமல், தங்கள் நிழல்கள் முன்னால் வழிகாட்ட, முட்டுச்சந்துக்குள் போனார்கள்.

உலகம்மாள் மெஷினை நிறுத்தினாள். பெல்ட் ஓய்ந்த அமைதியில், முதல்முறையாகப் பேராசிரியரின் குரல் கேட்டது. சின்னக் குரல், கொஞ்சம் சளி கட்டிய குரல், பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. முன்னால் நின்றவர்கள் ஓடுகிற எழுத்தை வாய்விட்டு வாசிக்க, ஊரே மில் வாசலில் நின்று அந்த வகுப்பைக் கேட்டது. வடக்கு வாசல் எப்படி விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, நாணல் கூரைகள் எந்த வரிசையில் பற்றின என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சந்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கிட்டங்கிச் சுவர் மட்டும் தொட முடியாதபடி சுட்டது, அதன் வெள்ளை கண்ணெதிரே கறுத்துக்கொண்டே போய்க் கூரைவரை ஏறியது. ஆறுமுகநயினார் அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். எதற்கு ஊற்றினார் என்று அவருக்கே தெரியாது.

வகுப்பின் முடிவில் பேராசிரியர் ஓர் எரிந்த பானையின் படத்தைக் காட்டினார். "இதில் ஒரு வேடிக்கை" என்று எழுத்து ஓடியது. "பானையில் இருந்த வாற்கோதுமை மாவைச் சோதித்தபோது, கொஞ்சம் மிளகாய்த் தூள் கிடைத்தது. அந்த நாட்டிலும் அந்தக் காலத்திலும் மிளகாயே கிடையாது. தோண்டியவர்களில் யாரோ தங்கள் சாப்பாட்டைச் சிந்தியிருக்க வேண்டும்." மாணவர்கள் சிரித்தார்கள்.

"அத எதுக்குத் தாயி பானையில எடுத்து வச்சிருந்த?" என்று உலகம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டாள். "தும்மலுக்கா, சிரிப்புக்கா?" கேட்டுவிட்டு, மாவு படிந்த முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். செத்தவர்களின் கதையைப் படிக்கத்தான் அவள் ஆசைப்பட்டாள், அவர்கள் சாவதைப் பார்க்க ஆசைப்படவில்லை.

படம் முடிந்து திரை கறுத்தபோது நிலையைப் பிடித்து நின்ற செல்லக்கிளி "யம்மா" என்று கூப்பிட்டாள். வலி கண்டுவிட்டது. அந்த வாரம் ஊரில் விட்டுப்போனதெல்லாம் மொத்தமாக நடந்தது. பால் உறைந்தது, பிச்சி பூத்தது, ஆறுமுகநயினாருக்குத் தாடி நெஞ்சுவரை இறங்கியது. எல்லாவற்றுக்கும் முன்னால், மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் செல்லக்கிளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம்.

பிறந்த பிள்ளைக்கு இளவெயில் காட்ட வேண்டும் என்று ஜெபராணி குழந்தையைத் துணியில் ஏந்தி வாசலுக்குக் கொண்டுவந்தாள். உலகம்மாள் பக்கத்தில் நின்றாள். ஜெபராணியின் நிழல் மேற்கே விழுந்தது, உலகம்மாளின் நிழலும் மேற்கே விழுந்தது. ஏந்திய கைகளுக்குக் கீழேயிருந்து, ஒரு சாண் நீளத்துக்கு, சின்னதாக ஒரு நிழல் கிழக்கே விழுந்து கிடந்தது. ஜெபராணி அதைப் பார்த்தாள், உலகம்மாள் பார்ப்பதையும் பார்த்தாள். "வெயில் போதும்" என்று சொல்லிக் குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறாள். மிளகாய் அரைக்கிற நேரத்தில் மில் பக்கம் வந்தால் அடுக்கடுக்காகத் தும்மிவிட்டுக் குலுங்கிச் சிரிப்பாள். ஊரில் அவள் நிழலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவளோடு தெருவில் நடக்கும்போது ஓர் அடி தள்ளி நடப்பார்கள், அவ்வளவுதான். மில் வாசலில் கூழாங்கற்கள் வைத்தபடியே இருக்கின்றன, மாவு அரைக்க வருகிறவர்கள் அவற்றை நகர்த்தாமல் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறார்கள். உலகம்மாள் செல்போனில் பிறகு எந்த வகுப்பையும் திறக்கவில்லை. தினமும் காலையில் மில்லைத் திறக்கும்முன் பேத்தியை வெயிலில் நிறுத்தி, அந்தக் கிழக்கு நிழல் எவ்வளவு தூரத்துக்கு வந்திருக்கிறது என்று பார்க்கிறாள். சில நாள் அது நேற்றைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கும், சில நாள் அப்படியே நிற்கும். நீண்டிருக்கிற நாள்களில் அவள் வானத்தைப் பார்த்து, எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ வேலைக்கு நடுவே கருங்காலிப்பட்டியை வகுப்பு வகுப்பாகப் படித்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒருத்தியிடம், "மெதுவாப் படி தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிவிட்டு, மெஷினைப் போடுகிறாள்.